இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு ஒரு சொல்லின் பொருளைத் தேடி எடுப்பதில் பெரிய சிரமம் இல்லை, ஃபோனில் தட்டினால் வந்துவிடும். சிரமமெல்லாம் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ப் பொருள் போட்டிருக்கும், ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வாக்கியம் கோணலாகிவிடும், சில நேரம் சொல்ல வந்ததற்கு நேர் எதிராகவே அர்த்தம் கொடுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தை வீட்டுமொழியாகப் பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவையாக இருக்கும். அவர்கள் குழம்புவதே இல்லை. நமக்கு மட்டும் அவை ஒட்டிக்கொள்கின்றன.

அப்படி ஒட்டிக்கொண்ட ஜோடிகளை எப்படிப் பிரித்து எடுப்பது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். ‘டவுட்’, ‘சஸ்பெக்ட்’ என்ற இரண்டு சொற்களை முக்கிய எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நாம் சட்டென்று சொல்லும் தமிழ் ‘சந்தேகப்படு’. ஆனால் இந்த இரண்டையும் போலத் தமிழர்களை ஏமாற்றும் ஜோடி வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் படி: சொல்லை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பிடியுங்கள்

நோட்டில் சொல்லை மட்டும் எழுதி எதிரே பொருளை எழுதும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஒப்பிடுவதற்கு அது போதாது. அந்தச் சொல்லை எங்கே பார்த்தீர்களோ, எங்கே கேட்டீர்களோ, அந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். ‘ரன்’ என்றால் ஓடு என்று மனப்பாடம் செய்தவருக்கு ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்ற வாக்கியம் வந்தால் என்ன செய்வது? அவள் பள்ளிக்கூடம் நடத்துகிறாள் என்பதுதான் அதன் பொருள். ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ என்றால் மூக்கு ஒழுகுகிறது. இப்போது ‘ரன்’, ‘மேனேஜ்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், எந்த ‘ரன்’ என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். ஓடுகிற ரன்னுக்கும் மேனேஜுக்கும் ஒப்பிட ஒன்றுமே இல்லை, பள்ளிக்கூடம் நடத்துகிற ரன்னுக்கு நிறைய இருக்கிறது.

அதனால் இரண்டு சொற்களுக்கும் குறைந்தது ஒரு வாக்கியமாவது கையில் இருக்க வேண்டும். நம் ஜோடிக்கு இதை வைத்துக்கொள்ளலாம்:

‘ஐ டவுட் ஹி இஸ் அட் ஹோம்.’
‘ஐ சஸ்பெக்ட் ஹி இஸ் அட் ஹோம்.’

இரண்டையும் தமிழில் ‘அவர் வீட்டில் இருக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியும். ஆனால் முதல் வாக்கியத்தைச் சொன்னவர் அவர் வீட்டில் இருக்க மாட்டார் என்று நினைக்கிறார். இரண்டாவதைச் சொன்னவர் அவர் வீட்டில்தான் இருப்பார் என்று நினைக்கிறார். நேர் எதிர். இது எப்படி என்று கீழே பார்ப்போம்.

இரண்டாவது படி: ஏன் குழப்புகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அகராதியைத் திறப்பதற்கு முன்பே, இந்த இரண்டு சொற்களும் உங்கள் மனசில் ஏன் ஒட்டிக்கொண்டன என்று கேளுங்கள். நான் பார்த்தவரை மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘கேள்’ என்ற ஒரே வினைச்சொல் ஆங்கிலத்தில் ‘ஆஸ்க்’ ஆகவும் வரும், ‘ஹியர்’ ஆகவும் வரும், ‘லிஸன்’ ஆகவும் வரும். கேள்வி கேட்பதும் பாட்டு கேட்பதும் நமக்கு ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. டவுட், சஸ்பெக்ட் இந்த வகை.

இரண்டு, காதுக்கு ஒன்றாகக் கேட்பது. இதில் தமிழ் எழுத்துக்கும் பங்கு உண்டு. ‘பேக்’ என்று எழுதினால் அது தோளில் மாட்டும் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, கேக் சுடுவதா? நான்கும் ஆங்கிலத்தில் நான்கு தனித்தனிச் சொற்கள், நான்கு வேறு உச்சரிப்புகள்.

மூன்று, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது, அதாவது ஸ்பெல்லிங். பாலைவனத்தைக் குறிக்கும் ‘டெஸர்ட்’டில் ஒரு எஸ், சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடும் இனிப்பைக் குறிக்கும் சொல்லில் இரண்டு எஸ். பேசும்போது அழுத்தம் வேறு இடத்தில் விழும்: பாலைவனத்துக்கு முதல் அசையில், இனிப்புக்கு இரண்டாவது அசையில்.

காரணம் தெரிந்தால் மருந்து தெரிந்துவிடும். முதல் வகைக்கு அகராதியும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் வேண்டும். இரண்டாவது வகைக்கு எத்தனை அகராதி படித்தாலும் பிரயோஜனம் இல்லை, காதுக்கும் வாய்க்கும்தான் வேலை. மூன்றாவதுக்குக் கையால் எழுதிப் பழகுவதே போதும். ஸ்பெல்லிங் குழப்பத்துக்கு இலக்கண விளக்கம் தேடி மணிக்கணக்கில் அலைபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

மூன்றாவது படி: பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா?

பெயர்ச்சொல்லோடு பெயர்ச்சொல்லை, வினைச்சொல்லோடு வினைச்சொல்லைத்தான் ஒப்பிட வேண்டும். ‘டவுட்’ இரண்டாகவும் வரும், உச்சரிப்பு மாறாது. ‘சஸ்பெக்ட்’டும் இரண்டாகவும் வரும், ஆனால் அழுத்தம் இடம் மாறும். வினைச்சொல்லாக இருந்தால் இரண்டாவது அசையில் அழுத்திச் சொல்ல வேண்டும், பெயர்ச்சொல்லாக இருந்தால் முதல் அசையில்.

அதைவிட முக்கியமானது, பெயர்ச்சொல்லான ‘சஸ்பெக்ட்’ சந்தேகத்தைக் குறிக்காது, சந்தேகிக்கப்படும் ஆளைக் குறிக்கும். செய்திகளில் வருகிறதே, போலீஸ் ஒரு சஸ்பெக்ட்டைப் பிடித்திருக்கிறது என்று, அந்த ஆள். மனசில் இருக்கும் அந்தச் சந்தேகத்துக்குப் பெயர் ‘சஸ்பிஷன்’. ஆகவே ‘டவுட்’ என்ற பெயர்ச்சொல்லை ஒப்பிட வேண்டுமென்றால் அதற்கு எதிரே வைக்க வேண்டியது சஸ்பிஷனைத்தான்.

நான்காவது படி: சரியான அகராதி, சரியான முறையில்

ஆங்கிலம்–தமிழ் அகராதி சொல்லை அடையாளம் காட்டும், அதோடு சரி. ஒப்பிடுவதற்கு ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே தயாரித்த ஆங்கில அகராதி வேண்டும். இதற்கென்றே ஒரு தனி மரபு இருக்கிறது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர், ஜப்பானில் வேலை பார்த்தபோது கூட இருந்த இருவரோடு சேர்ந்து தயாரித்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வந்தது. பிறகு 1948-இல் அதை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் எடுத்து வெளியிட்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்று எல்லோரும் சொல்வது அதன் வாரிசுதான். 1978-இல் வந்த லாங்மன் அகராதி, ஏறக்குறைய 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதியது. 1987-இல் வந்த காலின்ஸ் கோபில்ட் இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. ஒருவர் இன்னதைச் செய்தால் அதற்கு இந்தச் சொல் என்கிற மாதிரி இருக்கும். புதிதாகப் படிக்கிறவருக்கு அந்த முறை ரொம்ப உதவும், ஏனென்றால் சொல்லோடு அதைப் பயன்படுத்தும் விதமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இந்த அகராதிகளின் இணையப் பதிப்புகளைப் பணம் கட்டாமலே பார்க்கலாம், கேம்பிரிட்ஜ் அகராதியையும்தான்.

திறந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில், பெயர்ச்சொல் பக்கத்தில் சி என்ற எழுத்து இருந்தால் எண்ணக்கூடியது, யு இருந்தால் எண்ண முடியாதது. அடுத்து, வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். கடைசியாக எடுத்துக்காட்டு வாக்கியங்கள், அவற்றைத் தவறாமல் படியுங்கள், விளக்கத்தைவிட அவைதான் அதிகம் சொல்லும்.

இன்னொரு எச்சரிக்கை. கற்பவர்களுக்கான அகராதிகள் பொதுவாக இன்று அதிகம் புழங்கும் பொருளை முதலில் போடும். பழைய வகைப் பெரிய அகராதிகள் அப்படி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய வரலாற்று அகராதி மிகப் பழைய பொருளில் இருந்து ஆரம்பிக்கும், மெரியம் வெப்ஸ்டரின் பொது அகராதியும் வரலாற்று வரிசையையே பின்பற்றும். அதில் முதலில் இருப்பதை இன்றைய முதல் பொருள் என்று எடுத்துக்கொண்டால் சிக்கல்.

ஐந்தாவது படி: சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது?

இப்போது நம் ஜோடிக்கு வருவோம். நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும், ஏனென்றால் சொற்களின் உண்மையான வித்தியாசம் பொருளில் தெரிவதற்கு முன்பே அவற்றின் வால்களில் தெரிந்துவிடும்.

‘டவுட்’டுக்குப் பின்னால் ஒரு முழுச் செய்தி வந்தால், சொல்பவர் அந்தச் செய்தியை நம்பவில்லை. ‘ஐ டவுட் இட் வில் ரெய்ன்’ என்றால் மழை வராது என்றே நினைக்கிறேன். ‘சஸ்பெக்ட்’டுக்குப் பின்னால் அதே செய்தி வந்தால், ஆதாரம் முழுசாக இல்லை, ஆனாலும் அது உண்மை என்று தோன்றுகிறது. ‘ஐ சஸ்பெக்ட் இட் வில் ரெய்ன்’ என்றால் மழை வரும் போலத்தான் இருக்கிறது. டவுட் ‘இல்லை’ பக்கம் சாய்கிறது, சஸ்பெக்ட் ‘ஆமாம்’ பக்கம் சாய்கிறது. தமிழில் சந்தேகம் என்ற சொல் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் என்று சொல்லாமலேயே இருந்துவிடும். அதை நாம் குரலை வைத்தும் சூழ்நிலையை வைத்தும் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பக்கத்தை வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது.

பின்னால் ஒரு ஆள் வந்தால்? ‘ஐ டவுட் ஹிம்’ என்றால் அவன் சொல்வதை நான் நம்பவில்லை. ‘ஐ சஸ்பெக்ட் ஹிம்’ என்றால் அவன்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன். ஒரு பொருள் காணாமல் போன வீட்டில் இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. என்ன செய்தான் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் சஸ்பெக்ட் ‘ஆஃப்’ என்ற ஒட்டைக் கேட்கும்: ‘தே சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங்’. டவுட்டுக்கு அப்படி ஒரு அமைப்பே கிடையாது. ‘தே டவுட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங்’ என்று யாரும் சொல்வதில்லை.

டவுட்டுக்குப் பின்னால் ‘இஃப்’, ‘வெதர்’ வரலாம்: ‘ஐ டவுட் இஃப் ஷி நோஸ்’. அவளுக்குத் தெரிந்திருக்காது என்ற சாய்வு இதிலும் இருக்கிறது. சஸ்பெக்ட்டுக்குப் பின்னால் இஃப் வராது, ஏனென்றால் ஏற்கெனவே ஒரு பக்கம் முடிவெடுத்துவிட்ட சொல்லுக்கு ‘ஆமா இல்லையா’ என்ற ஊசலாட்டம் பொருந்தாது. இப்படி ஒவ்வொரு வாலுக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பதைக் கவனித்துவிட்டீர்கள் என்றால் மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகிவிடும்.

வகுப்பில் கை தூக்கி ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்கிறோமே, அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘சார், ஒரு சந்தேகம்’ என்பதன் ஆங்கில வடிவம் அது. இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், இந்திய ஆங்கிலத்தில் நன்றாக ஊன்றிவிட்ட வழக்கு. அதைத் தப்பு என்று யாரையும் திருத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் வேறு நாட்டு ஆங்கிலத்துக்குப் பழகியவர் காதில் அது ‘நீங்கள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று விழலாம். அங்கே ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று சொல்லிவிடுங்கள். ஸ்பானிய மொழி பேசுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு, அவர்கள் மொழியிலும் கேள்வி கேட்பதற்கு ‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்று சொல்வார்கள்.

ஆறாவது படி: யாரோடு சேர்ந்து வருகிறது?

ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் வழக்கமான கூட்டாளிகள் உண்டு. டவுட்டோடு வருபவை: ‘நோ டவுட்’, ‘வித்தவுட் எ டவுட்’, ‘இன் டவுட்’, கிரிக்கெட் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ‘பெனிஃபிட் ஆஃப் தி டவுட்’, நீதிமன்றத்தில் வரும் ‘பியாண்ட் ரீசனபிள் டவுட்’. இந்த எதிலும் டவுட்டை எடுத்துவிட்டு சஸ்பிஷனைப் போட முடியாது. அந்தப் பக்கம் ‘அண்டர் சஸ்பிஷன்’ என்றால் ஒருவர் மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது, ‘பிரைம் சஸ்பெக்ட்’ என்றால் சந்தேகிக்கப்படுபவர்களில் முதல் ஆள். ‘இன் டவுட்’டையும் ‘அண்டர் சஸ்பிஷன்’ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: முதலாவதில் ஒருவர் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறார், இரண்டாவதில் ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கூட்டாளிகளைக் கண்டுபிடிக்க எளிய வழி, கூகுளில் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது. அப்படியே அந்த வரிசையில் வரும் இடங்கள் மட்டும் கிடைக்கும். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் சொற்தொகுப்புகள் இருக்கின்றன, அதாவது மக்கள் நிஜமாகவே பேசிய, எழுதிய ஆங்கிலத்தைச் சேர்த்துத் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கும் கணினித் தொகுப்புகள். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் சுமார் 10 கோடி சொற்கள் கொண்டது, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி பிரிட்டிஷ் ஆங்கிலம். அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோக்கா என்ற தொகுப்பில் 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஆரம்பத்திலேயே அங்கே போய் மூழ்க வேண்டாம். அகராதி வாக்கியங்கள் போதவில்லை என்று தோன்றும்போது போனால் போதும்.

ஏழாவது படி: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

ஒரு சொல் இருக்கும் வாக்கியத்தில் அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். வாக்கியம் உடையும், அல்லது நிற்கும் ஆனால் பொருள் மாறும், அல்லது எந்த மாற்றமும் இல்லாமல் நிற்கும். நடுவில் உள்ளதுதான் ஆபத்தானது, ஏனென்றால் யாரும் உங்களைத் திருத்த மாட்டார்கள். நீங்கள் சரியாகத்தான் பேசினீர்கள் என்று நினைத்து வேறு அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டையும் இந்தச் சோதனையில் போட்டுப் பாருங்கள். ‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’ என்றால் உங்கள் பேனாவை இரவல் வாங்கிக்கொள்ளலாமா. ‘கேன் ஐ லெண்ட் யுவர் பென்?’ என்று மாற்றினால் இலக்கணம் உடையவில்லை, ஆனால் உங்கள் பேனாவை நான் வேறு யாருக்கோ இரவல் கொடுக்கலாமா என்று ஆகிவிட்டது. பொருள் என்னிடம் வந்தால் பாரோ, அதோடு ‘ஃப்ரம்’. என்னிடமிருந்து போனால் லெண்ட், அதோடு ‘டு’. தமிழில் இரவல், கடன் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வாங்கு, கொடு என்று வினையை மட்டும் மாற்றுகிறோம், ஆங்கிலத்தில் முழுச் சொல்லுமே மாறுகிறது.

எட்டாவது படி: தமிழ்ப் பொருளைத் திருத்தி எழுதுங்கள்

எனக்கு இந்தப் படி ரொம்பப் பிடிக்கும். குழப்பத்துக்குத் தமிழைக் குறை சொல்வது எளிது, ஆனால் கொஞ்சம் தேடினால் அந்த வித்தியாசத்தைச் சொல்ல தமிழிலேயே வழி இருக்கும். அகராதி கொடுத்த ஒற்றைச் சொல்லில் நின்றுவிட்டதால்தான் அது கண்ணில் படுவதில்லை.

‘ஹியர்’ என்பதற்கு ‘கேள்’ என்று எழுதாமல் ‘காதில் விழு’ என்று எழுதுங்கள். ‘லிஸன்’ என்பதற்கு ‘காது கொடுத்துக் கேள்’. சட்டென்று எல்லாம் தெளிவாகிவிடுகிறது பாருங்கள். ஃபோனில் ‘கேன் யு ஹியர் மி?’ என்றால் நான் பேசுவது காதில் விழுகிறதா. ‘ஆர் யு லிஸனிங்?’ என்றால் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாயா, அதில் லேசான கோபம்கூட இருக்கலாம். காதில் விழுவது நம் கையில் இல்லை, அதனால்தான் ‘ஐ ஆம் ஹியரிங் யு’ என்று தொடர் நிகழ்காலத்தில் பொதுவாகச் சொல்வதில்லை. காது கொடுப்பது நாமே செய்வது, யாருக்குக் கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அதனால்தான் லிஸனுக்குப் பின்னால் ‘டு’ வருகிறது.

அதே மாதிரி ‘ஐ டவுட்’ என்பதற்கு எதிரே சந்தேகம் என்ற சொல்லை அடித்துவிட்டு ‘அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘ஐ சஸ்பெக்ட்’டுக்கு எதிரே ‘அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது’. இவ்வளவு நீளமாகவா என்று தோன்றும். நீளமாக இருந்தால் இருக்கட்டும், இனி தடுமாற மாட்டீர்கள்.

காதுக் குழப்பத்துக்கு வேறு வழி

மேலே சொன்ன படிகள் எல்லாம் முதல் வகைக்கு. ‘பேக்’ மாதிரியான ஜோடிகளுக்கு அவை தேவையில்லை, பைக்கும் முதுகுக்கும் பொருளில் யாரும் குழம்பப் போவதில்லை. காதும் வாயும் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு நல்ல செய்தி, அந்த ஒலிகளெல்லாம் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘படம்’ என்று சொல்லும்போது வரும் ப-வையும் ‘கம்பு’ என்று சொல்லும்போது வரும் பு-வையும் கவனியுங்கள். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. கம்பில் வரும்போது தொண்டை அதிர்கிறது, விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். மூட்டை கட்டும் ‘பேக்’ படத்தின் ப-வில் தொடங்கும், பையும் முதுகும் கேக் சுடுவதும் கம்பின் ப-வில் தொடங்கும். கடைசி ஒலிக்கும் அதே கதைதான்: முதுகு ‘பக்கம்’ என்பதில் வரும் க்-இல் முடியும், பை ‘தங்கம்’ என்பதில் வரும் க-வின் ஒலியில் முடியும். கேக் சுடுவதற்கு நடுவில் வரும் உயிரொலி மற்ற மூன்றிலும் வருவதில்லை, அவற்றில் வாயை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். தமிழில் ஒலி எங்கே அதிர வேண்டும் என்பதை அதன் இடமே முடிவு செய்துவிடுகிறது, அதனால் தனி எழுத்து வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்த அதிர்வு ஒன்றுதான் பையையும் முதுகையும் பிரிக்கிறது.

ஆகவே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பதை இந்த ஜோடிகளுக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். மேலே போட்டுக்கொள்ளும் கோட்டும் ஆட்டைக் குறிக்கும் சொல்லும் இரண்டுமே ‘கோட்’ என்றுதான் நோட்டில் இருக்கும். அகராதியில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஃபோனில் உங்கள் குரலைப் பதிவு செய்து அதோடு ஒப்பிடுங்கள். ஒலிக்குறியீடுகளையும் மெதுவாகப் பழகிக்கொள்ளலாம். அதில் மேலே வரும் சின்ன நேர்கோடு, அடுத்து வரும் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்கான அடையாளம்.

‘லூஸ்’ இதில் சேரும் இன்னொரு ஜோடி. தொலைத்துவிடு, தோற்றுப்போ என்ற பொருளில் வருவதற்கு ஒரு ஓ, கடைசியில் வண்டு ரீங்காரம் மாதிரி அதிரும் ஸ். தொளதொள என்று இருப்பதற்கு இரண்டு ஓ, கடைசியில் அதிராத ஸ். காதையும் கையையும் சேர்த்துப் பழக்கினால் போதும்.

சொல்லின் வேரைத் தேட வேண்டுமா?

ஆர்வம் இருந்தால் தேடுங்கள், அருமையான விஷயங்கள் கிடைக்கும். ஆனால் இன்றைய பொருளை முடிவு செய்ய அதை நம்பாதீர்கள். தோற்றத்தை வைத்து உறவு சொல்லவே முடியாது என்பதற்கு ‘ஐல்’, ‘ஐலண்ட்’ நல்ல சாட்சி. இரண்டும் தீவுதான், இரண்டிலும் உச்சரிக்காத எஸ் இருக்கிறது. ஆனால் ஐல் லத்தீனில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, ஐலண்ட் பழைய ஆங்கிலச் சொல், ஐலைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் அதற்குள் ஒரு எஸ்ஸைச் செருகினார்கள். ‘மேல்’, ‘ஃபீமேல்’ ஜோடியும் அப்படியே, வெவ்வேறு லத்தீன் சொற்களில் இருந்து வந்து, பிறகு ஒன்றைப் பார்த்து இன்னொன்றின் ஸ்பெல்லிங் மாறியது. நம் டவுட்டில் இருக்கும் உச்சரிக்காத பி-யும் பிற்சேர்க்கைதான், பிரெஞ்சில் இருந்து வரும்போது அது இல்லை, லத்தீன் வடிவத்தை ஞாபகத்தில் வைத்து அறிஞர்கள் சேர்த்தது.

வேர் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு: ஒரே ஸ்பெல்லிங்கில் இரண்டு தனிச் சொற்கள் இருக்கும்போது. படுத்திருப்பதும் ‘லை’, பொய் சொல்வதும் ‘லை’. வேர் வேறு என்பதால் இறந்தகாலமும் வேறு. படுத்திருந்தான் என்பதற்கு ‘லே’, பொய் சொன்னான் என்பதற்கு ‘லைட்’, விளக்கைக் குறிக்கும் லைட் இல்லை, நாயைக் குறிக்கும் ‘டாக்’கின் முதல் எழுத்தில் முடியும் சொல். இது தெரிந்தால் ஒரே சொல்லுக்கு ஏன் இரண்டு இறந்தகாலம் என்ற குழப்பம் போய்விடும்.

கடைசிப் படி: சொந்த வாக்கியம்

ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வாழ்க்கையில் இருந்து இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். அகராதியில் இருந்து ஆளையும் பெயரையும் மட்டும் மாற்றி எழுதாதீர்கள், இன்று நீங்கள் நிஜமாகவே நம்பாத ஒரு விஷயத்துக்கு டவுட்டையும், நடக்கும் என்று மனசுக்குப் படுகிற ஒரு விஷயத்துக்கு சஸ்பெக்ட்டையும் போடுங்கள். எழுதியதை ஒரு வாரம் கழித்து, சொல் இருக்கும் இடத்தை மறைத்துவிட்டுப் படியுங்கள். எந்தச் சொல் அங்கே வரும் என்று யோசிக்காமலே வந்துவிட்டால் அந்த ஜோடி பிரிந்துவிட்டது. வரவில்லை என்றால் ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் வாலைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சாட்பாட்டிடம் கேட்கலாமா என்றால், கேட்கலாம். ‘என்ன வித்தியாசம்’ என்று கேட்பதைவிட, ‘இந்த வாக்கியத்தில் இந்தச் சொல்லுக்குப் பதில் அதைப் போட்டால் அர்த்தம் எப்படி மாறும்’ என்று கேளுங்கள், பதில் உருப்படியாக வரும். வந்த பதிலை அகராதி வாக்கியங்களோடு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

சில ஜோடிகளைத் தருகிறேன், இதே படிகளில் போட்டுப் பாருங்கள். ‘சே’யும் ‘டெல்’லும்: இரண்டுக்கும் தமிழில் ‘சொல்’ என்ற ஒரே வினைச்சொல்தான். எதற்குப் பின்னால் ஆள் நேரடியாக வருகிறார் என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. ‘ரிமெம்பர்’, ‘ரிமைண்ட்’: நினைவு உங்களுக்கே வருகிறதா, வேறு ஏதாவது கொண்டுவருகிறதா? ‘ஹோப்’, ‘எக்ஸ்பெக்ட்’: இரண்டையும் எதிர்பார் என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு எட்டாவது படியைச் செய்யுங்கள், ஒன்றில் ஆசை இருக்கிறது, இன்னொன்றில் கணிப்பு இருக்கிறது. ‘வெஸ்ட்’ என்ற ஒலியில் வரும் திசைக்கும் பனியனுக்கும் அகராதியே வேண்டாம். ஒன்றுக்கு உதடு குவிய வேண்டும், மற்றதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள்.